ஐயாயிரமாவது மாடு

திடீரென்று ஜீப் ஹாரன் அலறியது. சேற்றில் புழு பொறுக்கிக்கொண்டிருந்த கொக்குகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன. ஏர் ஓட்டிக்கொண்டிருந்த தேசப்பன் திரும்பிப் பார்த்தான். ஆள் நடக்கப் போட்ட வரப்பின் மேல் ஒரு ஜீப் ஏறி வந்துகொண்டிருந்தது. பத்து கஜம் வந்ததும் அதன் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் சேற்றில் இறங்கின. ஜீப் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. படுத்த பிறகும் ஹாரன் நிற்கவில்லை.

சாய்ந்த ஜீப்பிலிருந்து மூன்று பேர் வழுக்கி இறங்கினார்கள். முதலில் காவலாளி அப்பாவு, கையில் சிவப்புக் கொடியுடன். பின்னால் கம்பவுண்டர் முனிகிருஷ்ணன், கக்கத்தில் தடிமனான ரிஜிஸ்டருடன். கடைசியாக, சேறு படாமல் பூட்ஸைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் ஆதிகேசவன்.

"மாட்டை நிறுத்துய்யா" என்றார் ஆதிகேசவன். "இந்த ரெண்டு உருப்படியும் வெளி மாநிலத்திலேருந்து அனுமதி இல்லாம உள்ளே வந்திருக்குது."

தேசப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். அந்த வயலில் இருந்தவை அவனுடைய செவலையும் மயிலையும்தான். செவலை செங்கல் நிறம். மயிலை வெள்ளை. இரண்டும் அவன் தொழுவத்திலேயே வளர்ந்தவை. கும்மிடிப்பூண்டி ரயிலைக்கூடத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

"இன்னா சார் சொல்றீங்கோ? நான் காலையிலேருந்து இங்கதான் உழுதுகினு கீறேன்."

"அதைத்தான் நாங்களும் காலையிலேருந்து பாத்துக்கினு இருக்கோம்" என்றார் ஆதிகேசவன்.

சட்டப்படி அவர் சொன்னதில் பிழை இல்லை. கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே நாவல்மேட்டில் தேசப்பனுக்கு முப்பது சென்ட் நிலம். அறுபதாம் வருஷம் இரண்டு மாநிலங்களும் எல்லையைச் சரிசெய்துகொண்டபோது, சர்வேக்காரர்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்து அவன் நிலத்தின் வட ஓரத்தில் ஒரு கல்லை நட்டுவிட்டுப் போனார்கள். கல்லுக்குத் தெற்கே இருபத்தெட்டு சென்ட் தமிழ்நாடு. வடக்கே இரண்டு சென்ட் ஆந்திரா. ஒன்பது வருஷமாக இந்த விவரம் நெல்லுக்கும் தெரியாது, மாடுகளுக்கும் தெரியாது. ஏர் ஒவ்வொரு சுற்று வரும்போதும் ஆந்திராவுக்குள் நாலு அடி போய், திரும்பித் தமிழ்நாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்த வெக்கை நோயை ஒழிப்பதற்காக ஏற்பட்டது எல்லைக் கால்நடைக் கொள்ளைநோய்த் தடுப்பு வாரியம். வடக்கேயிருந்து விற்பனைக்கு ஓட்டி வரும் மாடுகளோடு நோயும் வருகிறது என்று கண்டுபிடித்து, எல்லையோரம் சாவடிகள் போட்டார்கள். வருகிற மாட்டை மறித்து ஊசி போட வேண்டும். பத்து நாள் தனிக் கொட்டகையில் கட்டிவைத்துக் கண்ணில் நீர் வடிகிறதா, வாயில் புண் இருக்கிறதா என்று பார்த்துப் பிறகு அனுப்ப வேண்டும். அருமையான திட்டம். மாடுகள் சாவடி இருக்கும் பாதையில் வந்தால் போதும். மாட்டு வியாபாரிகளோ சாவடி போட்ட மறுநாளே மேற்கே மூன்று மைல் தள்ளிச் சவுக்குத் தோப்புக்குள் போகும் வறண்ட ஓடை வழியாக மாடுகளை ஓட்டத் தொடங்கிவிட்டார்கள்.

ஆகவே நாவல்மேட்டுச் சாவடிக்கு இரண்டு வருஷத்தில் வந்தவை பதினான்கு மாடுகள். பதினைந்தாவதாக ஒரு கோயில் காளை தானாக வந்தது. ஊசிக்கு நிற்கவில்லை. மார்ச் மாத அறிக்கையைத் தின்றுவிட்டுப் போய்விட்டது.

இந்தச் சாவடியை ஏன் மூடக்கூடாது என்று கேட்டுத் தலைமையகத்திலிருந்து அன்று காலைதான் கடிதம் வந்திருந்தது. மூடினால் ஆதிகேசவனுக்கு ஜவ்வாது மலையில் ஆடு எண்ணும் வேலை. கடிதத்தைப் படித்த கையோடு இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஜன்னலைத் திறந்து எல்லையைப் பார்த்தார். எதிரே செவலையும் மயிலையும் வெளிமாநிலத்திலிருந்து வந்துகொண்டிருந்தன.

தேசப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். நவரைப் பட்டம், நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, ஏரித் தண்ணீர் தன் முறைக்கு இன்னும் நாலே நாள்தான் வரும், அதற்குள் சேறு அடிக்காவிட்டால் இந்த வருஷம் வீட்டில் சோறு கிடையாது என்றெல்லாம் எடுத்துச் சொன்னான். ஆதிகேசவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தங்கள் வாரியம் நோய்க்கு மட்டுமே பொறுப்பு என்றும், நெல்லுக்கு வேறு வாரியம் இருக்கக்கூடும் என்றும் விளக்கினார். பிறகு கைது செய்யப்பட்ட செவலையையும் மயிலையையும் நுகத்தடியில் பூட்டி, கயிறு கட்டி, சாய்ந்து கிடந்த ஜீப்பை வெளியே இழுத்தார்கள். அந்த வேலை முடிந்ததும் அவற்றைக் கொட்டகையில் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் தேசப்பனின் மனைவி செண்பகம் தலையில் வைக்கோல் கட்டோடு சாவடிக்கு வந்தாள். தேசப்பன் பேசினால் அதிகாரிகளுக்குக் காது கேட்காது. செண்பகம் பேசினால் ஏரிக்கு அந்தக் கரையில் கேட்கும்.

"இன்னா சார் கணக்கு இது? ஒரு தபா தாண்டினா பத்து நாளு ஜெயிலு. ஒரு காலையிலே நாப்பத்தஞ்சு சுத்து சுத்துது. அப்போ நானூத்தம்பது நாளு. ஒரு நாள் உழவுக்கு என் மாடு ஒண்ணேகால் வருசம் உள்ளே கெடக்கணுமா? நாலு நாள் உழுதா ஆயுசே முடிஞ்சுபூடும். அப்புறம் எதுக்கு நோய் தனியா வரணும்?"

டீ குடித்துக்கொண்டிருந்த ஆதிகேசவனின் தம்ளர் பாதி வழியில் நின்றது.

"எத்தனை சுத்துன்னு சொன்னே?"

"நாப்பத்தஞ்சு."

"ரெண்டு மாடு இல்லே?"

"ஏருன்னா ரெண்டு மாடுதான் சார். நாலு கட்டினா தேரு."

ஆதிகேசவன் மேசையிலிருந்த மூடுவிழாக் கடிதத்தைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ பெருக்கிப் பார்த்தார். நாளைக்குத் தொண்ணூறு. மாதத்துக்கு இரண்டாயிரத்து எழுநூறு. அவர் முகத்தில் ஜவ்வாது மலை மெல்லக் கரைந்து மறைந்தது. தானே எழுந்து போய்க் கொட்டகைக் கதவின் தாழ்ப்பாளை நீக்கினார்.

மறுநாள் காலை வயலோரம் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கறுப்புக் குடை. குடைக்குக் கீழே முனிகிருஷ்ணனும் ரிஜிஸ்டரும். ஏர் கல்லைத் தாண்டித் தெற்கே திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவர் இரண்டு கோடு போட்டார். மாடு வரவு இரண்டு. ஊசி செலவு இரண்டு. அப்பாவு கொடியை ஒரு தடவை இறக்கி ஏற்றினான். போதாக்குறைக்கு அவன்தான் மடையைத் திறந்து, தேசப்பனின் முறை முடிந்த பிறகும் தண்ணீர் விட்டான். இன்ஸ்பெக்டர் உத்தரவு. இப்படியும் ஒரு வாரியமா என்று தேசப்பனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. ஐந்து நாளில் சேறு வெண்ணெயாய்க் குழைந்தது. ஏரை அவிழ்க்கப் போனான்.

"எங்கேய்யா அவுக்கறே?" என்றார் ஆதிகேசவன்.

"உழவு முடிஞ்சுபோச்சு சார். இனிமே நடவு."

நடவு தங்கள் திட்டத்தில் வரவில்லை என்று ஆதிகேசவன் வருத்தத்தோடு தெரிவித்தார். நட வேண்டுமானால் மாடுகளை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் பத்து நாள் கொட்டகை பாக்கி இருக்கிறது. தேசப்பன் மேலும் நாலு நாள் உழுதான். சேறு முழங்கால் தாண்டித் தொடைக்கு வந்தது. ஒன்பதாம் நாள் செவலை நகரவே முடியாமல் வயலின் நடுவில் நின்று கத்தியபோது, செண்பகம் இடுப்பில் நாற்றுக் கட்டோடு வந்து மேசைக்கும் ஏருக்கும் நடுவே நின்றாள். மாடு சுற்றுவதற்கு முப்பது சென்ட் எதற்கு, கல்லைச் சுற்ற நாலு அடி இடம் போதாதா என்று கேட்டாள். இவ்வளவு எளிய முறை வாரியத்தின் கையேட்டில் ஏன் இல்லை என்று ஆதிகேசவன் வியந்தார்.

அன்று முதல் வயலில் நடவு நடந்தது. கல்லைச் சுற்றிச் செவலையும் மயிலையும் நடந்தன. காலையில் தேசப்பன் பிடித்தான். மாலையில் அப்பாவு பிடித்தான். மூன்றாம் வாரம் ஒரு காலையில் பார்த்தால் கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தது. உச்சியில் ஓர் எலுமிச்சம்பழம். மாடுகளே வலம் வருகிற கல் சும்மா இருக்குமா என்று பக்கத்து ஊர்ப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் வந்ததால் சுற்றுக்கு இடைஞ்சல் ஏற்பட்டது. அப்பாவு கொடியால் வரிசையை ஒழுங்குபடுத்தினான்.

இதற்கிடையில் ஆதிகேசவனுக்குச் சில நிர்வாகச் சிக்கல்கள் வந்தன. ஊசி போட்ட மாட்டின் காதில் ஒவ்வொரு தடவையும் சிறு வெட்டு அடையாளம் வைக்க வேண்டும் என்பது விதி. ஆயிரம் ஊசி போட்ட மாட்டுக்கு என்ன செய்வது? கூடுதல் காதுகள் தேவை என்று யதார்த்தமாக எழுதிக் கேட்டார். இந்த நிதியாண்டில் காதுகளுக்கு ஒதுக்கீடு இல்லை, இருப்பதைக் கொண்டு சமாளிக்கவும் என்று பதில் வந்தது.

இன்னொன்று மருந்து. ரிஜிஸ்டரில் மருந்து தீர்ந்தால் பெட்டியிலும் தீர வேண்டும், இல்லாவிட்டால் தணிக்கையில் மாட்டிக்கொள்வார்கள். முனிகிருஷ்ணன் மனசாட்சி உள்ளவர். தினமும் சாயங்காலம் பனிக்கட்டியிலிருந்து மருந்துக் குப்பிகளை எடுத்து, உடைத்து, உப்புநீரில் கலக்கி, ஒரு மாட்டுக்கு எவ்வளவோ அவ்வளவாக ஊசியில் அளந்து, தொண்ணூறு தடவை சாவடிக்குப் பின்னாலிருந்த பூவரச மரத்தின் அடியில் பீச்சினார். அந்தப் பூவரசுக்கு அந்த வருஷம் வெக்கை வரவில்லை. காலியான பனிக்கட்டிப் பெட்டியில் இன்ஸ்பெக்டர் வீட்டுக்குப் பழவேற்காட்டு இறால் போய்க்கொண்டிருந்தது.

தலைமையகத்தில் டாக்டர் பச்சையப்பன் என்றொருவர் இருந்தார். வாரியத்தின் நோய்ப் பரவல் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். சுவர் முழுக்க வரைபடம், வரைபடம் முழுக்கக் குண்டூசி. நாவல்மேட்டின் புள்ளிவிவரத்தைப் பார்த்ததும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார் என்று சொல்வார்கள். இரண்டு மாதத்தில் நாலாயிரம் மாடுகள். தென்னிந்தியாவிலேயே இப்படியொரு கால்நடைப் பெயர்ச்சி இல்லை. இரவு பகலாக ஆராய்ந்து நாற்பது பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார்.

வட மாடுகள் காலை ஆறு மணிக்கு எல்லை தாண்டத் தொடங்குகின்றன. எட்டரை மணிக்கு அரை மணி நேரம் ஒன்றுகூடத் தாண்டுவதில்லை. அது தேசப்பன் நாஷ்டா சாப்பிடும் நேரம். அமாவாசையன்று பெயர்ச்சி முற்றிலும் நின்றுவிடுகிறது. அமாவாசையில் ஏர் பூட்டும் வழக்கம் தேசப்பன் வீட்டில் கிடையாது. டாக்டர் இதிலிருந்து மாடுகளின் இடப்பெயர்ச்சிக்கும் சந்திரனின் ஈர்ப்புக்கும் உள்ள தொடர்பை நிறுவினார். மாசி மாதம் தேசப்பன் மைத்துனி கல்யாணத்துக்குக் கடம்பத்தூர் போயிருந்த இரண்டு நாளும், காவலாளி அப்பாவுக்குக் காய்ச்சல் வேறு சேர்ந்துகொள்ள, வரைபடத்தில் கோடு தரைக்கு இறங்கியது. வடக்கே ஏதோ விபரீதம் என்று ஆறு மாவட்டங்களுக்கு அவசரத் தந்தி பறந்தது. மூன்றாம் நாள் கல்யாணச் சாப்பாட்டுத் தெம்பில் தேசப்பன் ஐம்பத்தாறு சுற்று ஓட்டிவிட்டான். அபாயம் நீங்கியது என்று மறு தந்தி போனது.

காட்டு விலங்குகளாலும் நோய் பரவும் என்பதால் எல்லை தாண்டும் வனவிலங்குகளையும் கணக்கெடுக்கும்படி அடுத்த சுற்றறிக்கை வந்தது. முனிகிருஷ்ணன் அதையும் விடவில்லை. அந்த வார ரிஜிஸ்டரில் இப்படி இருக்கிறது: நரி ஒன்று, தெற்கு நோக்கி, ஊசிக்கு ஒத்துழைக்கவில்லை. காட்டுப்பன்றி மூன்று, கண்டதும் காவலாளி மரத்தில் ஏறியதால் திசை தெரியவில்லை. கொக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, மாட்டின் முதுகில் அமர்ந்து வந்தவை, அனுமதிச் சீட்டு இல்லை.

பங்குனி பிறந்தது. வெயிலோடு உண்மையான வெக்கையும் வந்தது.

அது சாவடி வழியாக வரவில்லை. ஓடை வழியாக வந்தது. வியாபாரிகள் சவுக்குத் தோப்பில் இறக்கி இளைப்பாற விட்ட மாடுகளில் நாலைந்துக்குக் கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்தில் தோப்பையொட்டிய ஊரில் கன்னியம்மாவின் கறவை மாடு அசைபோடுவதை நிறுத்தியது. நாலாம் நாள் மாடும் கன்றும் செத்தன. அதற்கடுத்த வாரம் அந்த ஊரில் ஒன்பது மாடுகளைப் புதைத்தார்கள். கன்னியம்மா எல்லைக் கல்லுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுததைத் தேசப்பன் பார்த்தான். அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம். போர் அடிக்க, வண்டி இழுக்க, அடுத்த பட்டத்துக்கு உழ, அவனிடம் இருப்பவை இந்த இரண்டுதான். ஒன்று போனாலும் இன்னொன்று ஏருக்கு உதவாது. சாவடிக்கு ஓடினான்.

"சார், மேற்கே வெக்கை வந்துடுச்சு சார். என் மாடு ரெண்டுக்கும் ஊசி போட்டுடுங்கோ."

"போட்டாச்சேய்யா" என்றார் ஆதிகேசவன். ரிஜிஸ்டரைப் பிரித்துக் காட்டினார். "ஒவ்வொண்ணுக்கும் ரெண்டாயிரத்து முன்னூத்து நாப்பது தடவை போட்டிருக்குது. ஒரு தடவை போட்டாலே ஆயுசுக்கும் வராது. உன் மாட்டுக்கு இப்போ ரெண்டாயிரத்து முன்னூத்து நாப்பது ஆயுசு."

"ரிஜிஸ்டர்லே போட்டீங்கோ சார். மாட்டுக்கு ஒரு தபாகூடப் போடலியே."

ஆதிகேசவனுக்கு மனம் புண்பட்டுவிட்டது. ஆனாலும் நிலைமையை எடுத்துச் சொன்னார். கையில் மருந்து இல்லை. புதிதாகக் கேட்க வேண்டுமானால் நோய் வந்திருக்கிறது என்று எழுத வேண்டும். நாலாயிரத்து அறுநூற்று எண்பது ஊசி போட்ட இடத்தில் நோய் வந்தது என்று எழுதினால் ஊசி மேல் பழி வரும். ஊசி மேல் பழி வந்தால் திட்டமே நின்றுபோகும். திட்டம் நின்றால் நோயை ஒழிப்பது யார்? ஆகவே நோயை ஒழிக்க வேண்டுமானால் நோயைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. மேலும் அடுத்த வாரம் டாக்டர் பச்சையப்பன் நேரில் வருகிறார். அவர் காதில் இந்தப் பேச்சு விழக்கூடாது.

பேசாமல் மாடுகளைக் கடம்பத்தூருக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாமா என்று தேசப்பன் யோசித்தான். போகிற வழியெல்லாம் அந்த வியாபாரி மாடுகள் நடந்த வழிதான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் போய் மாட்டின் கண்ணைத் தொட்டுப் பார்த்தான். தொட்டுத் தொட்டுச் செவலைக்குக் கண் கலங்க ஆரம்பித்தது. அதைக் கண்டு இவனுக்கும் கலங்கியது.

"யோவ், மாட்டுக் கண்ணைத் தோண்டாதே" என்றாள் செண்பகம். "அந்தச் சாருக்கு உன் மாடு எதுக்கு வேணும்?"

"நடக்கறதுக்கு."

"நடக்காட்டி?"

தேசப்பன் அவளைப் பார்த்தான். அன்றைக்குத்தான் இரண்டு உருண்டை சோறு சாப்பிட்டான்.

டாக்டர் பச்சையப்பன் வந்த நாளன்று சாவடிக்கு முன்னால் பந்தல் போட்டு, மாவிலைத் தோரணம் கட்டி, ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். பிரமுகர்கள் மக்களைப் பார்த்து உட்கார வேண்டும் என்பதால் மேடை தெற்குப் பார்த்திருந்தது. எல்லையும் கல்லும் மாடுகளும் மேடைக்கு முதுகுப்புறம். நடுவே ஒரு கீற்றுத் தட்டி. தட்டிக்குப் பின்னால் தேசப்பன் செவலையையும் மயிலையையும் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தான். ஆளுக்கு எட்டு வெண்கல மணி கழுத்தில் கட்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் ஏற்பாடு. முனிகிருஷ்ணனின் ரிஜிஸ்டரில் கணக்கு நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தது.

டாக்டர் ஒலிபெருக்கி முன் நின்றார்.

"பெரியோர்களே, நான் இங்கே மாடுகளைப் பார்ப்பதற்காக வரவில்லை. அவற்றை வரைபடத்திலேயே பார்த்துவிட்டேன். உங்களைப் பாராட்ட வந்திருக்கிறேன். நோய் என்பது என்ன? நோய் என்பது ஒரு தகவல். தகவல் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் நோய் இருக்கிறது. போன ஆண்டு நாற்பது ஊர்களிலிருந்து வெக்கை நோய்த் தகவல் வந்தது. வாரியம் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. அந்த நாற்பது ஊர்களுக்கும் தகவல் படிவம் அனுப்புவதை உடனடியாக நிறுத்தினோம். இந்த ஆண்டு அந்த நாற்பதில் ஓர் ஊரில்கூட நோய் இல்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டல் எழுந்தது. முன்வரிசையிலிருந்த கன்னியம்மா தட்டவில்லை.

"என் முதுகுக்குப் பின்னால் கேளுங்கள்" என்று டாக்டர் குரலை உயர்த்தினார். "ஓயாத மணியோசை. ஆயிரக்கணக்கான மாடுகள் எல்லை கடந்து வருகின்றன. ஒவ்வொன்றும் நமது ஊசியை ஏற்றுக்கொண்டு, ஆரோக்கியமாக..."

மணியோசை நின்றது.

டாக்டரும் நின்றார். ஒலிபெருக்கி மட்டும் கொர்ரென்றது. "பெயர்ச்சி ஏன் நின்றது?" என்று திரும்பிக் கேட்டார். ஆதிகேசவன் தட்டிக்குப் பின்னால் ஓடினார்.

தேசப்பன் இரண்டு கயிறுகளையும் கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தான்.

"நெஜ ஊசி போட்டாத்தான் மாடு நடக்கும் சார்."

ஆதிகேசவன் மிரட்டினார், கெஞ்சினார், கொட்டகையை நினைவுபடுத்தினார், தன் பெண்டாட்டி பிள்ளைகளை நினைவுபடுத்தினார். தேசப்பன் அசையவில்லை. அவனைப் பார்த்து மாடுகளும் அசையவில்லை. மேடையிலிருந்து டாக்டரின் இருமல் இரண்டு தடவை கேட்டது. அப்போதுதான் முனிகிருஷ்ணன் மெல்ல வந்து, டாக்டரின் காரில் கண்காட்சிக்கு வைக்கப் பனிக்கட்டிப் பெட்டியோடு நிஜ மருந்து வந்திருப்பதாகவும், கணக்கு இப்போது நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டில் நிற்பதாகவும் காதோடு சொன்னார்.

ஆதிகேசவன் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். ஓடிப்போய் ஒலிபெருக்கியைப் பிடித்தார். ஐயாயிரமாவது மாடு டாக்டர் ஐயாவின் திருக்கரத்தால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில் தானாகவே நின்றுவிட்டது என்று அறிவித்தார்.

செவலையின் கழுத்தில் சாமந்தி மாலை விழுந்தது. அதை மேடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாவது மாடான மயிலையை யாரும் கேட்கவில்லை. அது தட்டியோரம் நின்று கீற்றைத் தின்றுகொண்டிருந்தது.

முனிகிருஷ்ணன் குப்பியை உடைத்து மருந்து கலக்கினார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக மரத்துக்கு இல்லாமல் மாட்டுக்குக் கலக்குகிறார், அவர் முகமே மாறியிருந்தது. டாக்டர் ஊசியைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்தார். அவர் கைக்குமேல் தன் கையை வைத்து முனிகிருஷ்ணன் இடம் பார்த்து அழுத்தினார். பத்திரிகை போட்டோக்காரர் ஒரு பக்கமாகக் குனிந்து காமிராவைத் தட்டினார். பல்பு எரியவில்லை. மருந்து இறங்கியது. மக்கள் கைதட்டினார்கள். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு மேடைப் படியில் கால் வைத்துவிட்டார்.

தேசப்பன் மயிலையைப் பார்த்தான். குப்பியில் ஒரு ஊருக்குப் போடும் மருந்து மிச்சம் இருந்தது. அப்பாவு அதைப் பூவரச மரத்துப் பக்கம் எடுத்துக்கொண்டு போகத் தயாராக நின்றான்.

"ஐயா" என்றாள் செண்பகம். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "போட்டோ புடிக்கசொல்லோ லைட்டே எரியலீங்க. ஐயா மூஞ்சி இருட்டா விழுந்திருக்கும்."

டாக்டரின் கால் படியிலிருந்து இறங்கியது. போட்டோக்காரர், விழுந்தாலும் விழுந்திருக்கலாம், விழாமலும் போயிருக்கலாம் என்றார். மறுபடியும் எடுத்துவிடலாமே என்று டாக்டர் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். போட்டோக்காரர் பல்பு மாற்ற, ஆதிகேசவன் நெற்றி வியர்வையைத் துடைக்க, எல்லாரும் காமிராவையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் செண்பகம் செவலையின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி மயிலையின் கழுத்தில் போட்டாள். தேசப்பன் செவலையைத் தட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டு மயிலையை இழுத்து வந்து அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நிறுத்தினான். ஆதிகேசவன் பார்த்துவிட்டார். வாயைத் திறந்தார். முனிகிருஷ்ணன் அவர் காலை மிதித்தார். வாய் மூடிக்கொண்டது.

டாக்டர் புன்னகையோடு ஊசியைப் பிடித்தார். முனிகிருஷ்ணன் இந்தத் தடவையும் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். மருந்து முழுதாக இறங்கும்வரை விடவில்லை. பளிச்சென்று பல்பு எரிந்தது. மயிலை ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மாலையிலிருந்து எட்டிய சாமந்தியைத் தின்றது. தேசப்பன் அதன் கழுத்தோடு முகத்தை வைத்துக்கொண்டான். கன்னியம்மா முன்வரிசையிலிருந்து எழுந்து, தன் ஊரில் இன்னும் மிச்சமிருக்கும் மாடுகளை ஓட்டிக்கொண்டு வரலாமா என்று முனிகிருஷ்ணனிடம் தணிந்த குரலில் கேட்டாள். ஒரு மணி நேரத்துக்குள் வந்தால் மருந்து கெடாது என்று அவரும் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, குப்பியைக் காவலாளி அப்பாவுவிடம் கொடுக்காமல் பனிக்கட்டிக்குள் வைத்தார்.

டாக்டர் காருக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு போட்டோக்காரர் ஜன்னலருகே ஓடி வந்தார். நோட்டும் பென்சிலும் கையில் இருந்தன.

"சார், ஒரு சந்தேகம். மொதல்ல நீங்க ஊசி போட்டது செவலை மாடு. அப்புறம் போட்டது வெள்ளை மாடு. ஐயாயிரமாவது மாடுன்னு பேப்பர்ல எதைப் போடறது?"

டாக்டர் பச்சையப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"மாட்டையெல்லாம் ஒண்ணொண்ணா நின்னு பாத்துக்கிட்டிருந்தா நோயை எப்பய்யா ஒழிக்கிறது?"